சேற்றுக்கு எலுமிச்சை பிழிந்த நாள்

போன மாதம் பென்சன் விஷயமாக ஒரு கையெழுத்து வாங்க என் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். மலாக்காவில் சாக்கடை, குளம், கொசு இந்த மூன்றையும் பார்க்கிற இலாகா அது. மீசை முளைத்த நாளிலிருந்து மீசை நரைத்த நாள் வரை நான் அங்கேதான் குப்பை கொட்டினேன். பையன்கள் புதிதாக வந்த ஒரு கருவியைக் காட்டினார்கள். கறுப்பு வயர் நுனியில் பென்சில் கட்டை மாதிரி ஒன்று. அதைத் தண்ணீரில் விட்டால் பெட்டியில் ஊசி ஆடி, தண்ணீருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிவிடுமாம்.

"அந்தக் காலத்துல நீங்கல்லாம் எதை வச்சுப் பார்த்தீங்க அங்கிள்?" என்று சுரேஷ் கேட்டான். அங்கே அவன்தான் வாயாடி.

"மூக்கை வச்சு," என்றேன்.

சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. என் பழைய மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்தான். நுனி கரியாகக் கறுத்துப்போன வெள்ளிக் கரண்டி.

"இது என்னா அங்கிள்? ஸ்டோர் கணக்கு எழுதுற கிராணி சொல்றாரு, நீங்க இருந்தவரைக்கும் மாசாமாசம் எலுமிச்சம்பழம் வாங்கியிருக்கீங்களாம். ஆபீஸ் காசுல ஊறுகா போட்டீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊறுகாயாம்! "எழுதிக் கொடுக்கிறேன், படிச்சுத் தொலைங்கடா," என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கப்பா ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நான் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்துவிட்டு, தோட்டத்தில் வேலை கிடைக்காமல் டவுனுக்கு வந்து கொசு எண்ணெய் அடிக்கிற கும்பலில் சேர்ந்தேன். முதுகில் எண்ணெய் டின், கையில் பம்பு. கூட வந்தவன் மருதமுத்து. அவனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: எழவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு, தான் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். என்னை அவன் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் "தொரே" என்பான். வேலை கற்றுக்கொண்டதெல்லாம் பெரிய கதை இல்லை. எந்தச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. மூக்கைச் சுளிக்காமல் இருக்கத் தெரிந்தால் மீதியும் தெரிந்த மாதிரி.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்கார துரை கப்பலேறிப் போனார். ஆட்சி மாறியது கொசுவுக்குத் தெரியாது, அதனால் எங்கள் வேலை மட்டும் அப்படியே இருந்தது. அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்குக்குப் பதிலாக அதன் இலை. பிறகு சயாம் பேச்சு வந்தது. அந்த நாட்டுக் காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள் என்று சொல்லித் தோட்டம் தோட்டமாக லோரி போகும். தமிழனைத்தான் முதலில் ஏற்றுவார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. ஏதாவது ஒரு ஜப்பான் அதிகாரிக்குக் கீழே வேலையில் இருந்தால் மட்டும் லோரி நம்மைத் தாண்டிப் போகும். அந்தக் காலத்தில் வேலை என்பது சம்பளத்துக்காக இல்லை, அந்த லோரிக்காக.

எங்களுக்கு வாய்த்த அதிகாரி பேர் ஹயாமா. ஒல்லியான மனுஷன். சட்டை அவரை விடப் பெரிசு, இடுப்பில் தொங்கின வாள் சட்டையை விடப் பெரிசு. படி ஏறும்போதெல்லாம் அந்த வாள் தட்டி ஒருமுறையாவது தடுமாறுவார். யுத்தத்துக்கு முன்னால் அவர் ஊரில் ஏரிகளின் அடிச்சேற்றைப் பற்றிப் படித்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவராம். "சேத்தப் படிக்க ஒரு பள்ளிக்கூடமா! அது முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் பெரிய வாத்தியாராவே ஆயிருப்பேனே," என்றான் மருதமுத்து. பாதி இங்கிலீஷ், பாதி மலாய், மீதிக்குக் கை. அப்படித்தான் அவரும் நாங்களும் பேசிக்கொண்டோம். மற்ற அதிகாரிகள் பளார் பளாரென்று அறைவார்கள். இவர் அறைய மாட்டார். நாங்கள் ஏதாவது தப்பு செய்தால் ஒரு கிண்ணம் சேற்றை மூக்குக்கு நேராக நீட்டி, "பெருமாரு-சான், என்ன வாசம் சொல்லு," என்பார். என் பேர் அவர் வாயில் அப்படித்தான் வரும், சான் என்பது அவர்கள் ஊர் மரியாதை. பதில் சரியாக வரும்வரை நீட்டிய கை இறங்காது. அறையே வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

காஜா பெராங் என்ற இடத்தில், யுத்தத்துக்குப் பயந்து ஓடிப்போன ஒரு பணக்காரரின் பங்களாவைப் பிடித்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். முன் அறை லேப், பின்பக்கம் சமையற்கட்டு. கொஞ்ச தூரத்தில் சூளைக் குளம். செங்கல் சூளைக்கு மண் தோண்டித் தோண்டி உண்டான பள்ளம் அது. மழை நிறைத்து ஏரி மாதிரி ஆகிவிட்டது. அதில் மீன் வளர்த்துப் பட்டாளத்துக்குக் கொடுப்பதுதான் ஹயாமா சானுக்கு இட்ட வேலை. ஜாவாவிலிருந்து ஒரு மீன் கொண்டுவந்தார்கள். குஞ்சை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிற மீன். சாக்கடையில் போட்டாலும் வளரும், அடித்தாலும் சாகாது என்றார்கள்.

செத்தது. விடியற்காலையில் போனால் குளம் முழுக்க மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு திணறும். வெயில் ஏறுவதற்குள் பாதி மல்லாந்து மிதக்கும். தண்ணீர் பச்சைப் பாயாசம். நடுவில் குமிழி குமிழியாக வெடிக்கும்.

பண்டார் ஹிலிர் முகாமில் இருந்த மேலதிகாரி, ஒரு மேஜர், சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை நேரில் வருவேன், அதற்குள் மீன் ஏன் சாகிறது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் லேபை மூடிவிட்டுக் கூலிகளை ரயில் பாதைக்கு அனுப்பு என்று. கூலிகள் என்றால் நானும் மருதமுத்துவும்தான். வேறு யார் இருந்தார்கள்?

இப்போது சேறு எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். இதைத்தான் உங்கள் மீட்டர் செய்யாது, சுரேஷ்.

கண்ணாடிக் குழாய் எல்லாம் உடைந்துபோய்விட்டதால் மூங்கில்தான். நேராக வளர்ந்த தடித்த மூங்கிலாகப் பார்த்து, உள்ளே இருக்கிற கணுத் தடுப்பையெல்லாம் பழுக்கக் காய்ச்சின கம்பியால் குத்தி எடுத்து, உள்பக்கத்தை மணலால் தேய்த்து வழுவழுவென்று ஆக்கிக்கொள்ள வேண்டும். வாழைத்தண்டுத் தெப்பத்தில் குளத்தின் நடுவுக்குப் போவோம். மருதமுத்து தெப்பத்தை ஆடாமல் பிடித்துக்கொள்வான். ஹயாமா சான் முதலில் குளத்தைப் பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடு போடுவார். பிறகு நான் மூங்கிலைச் செங்குத்தாகச் சேற்றில் இறக்குவேன். குத்தக் கூடாது, திருகக் கூடாது, தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி இறக்க வேண்டும். மேல் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, மெதுவாக மேலே இழுத்து, அடிமுனை தண்ணீரை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் இன்னொரு கையை அடியில் கொடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தப்பினால் எல்லாம் ஒழுகிப்போய்விடும். பிறகு மூக்கு முன்னால் கிண்ணம்தான்.

கரைக்கு வந்து தகரத் தட்டில் குழாயைப் படுக்கவைத்து, பின்னாலிருந்து கட்டையால் தள்ளினால் பசாரில் விற்கிற குழாய்ப் புட்டு மாதிரி சேறு உருளையாக வெளியே வரும். மேலே பச்சையாகப் பஞ்சு போல ஒரு படை. அதற்குக் கீழே துருப்பிடித்த நிறத்தில் ஒரு கீற்று. அப்புறம் சாம்பல். அதற்குக் கீழே மைக்கறுப்பு. ஹயாமா சான் தட்டுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு மேலிருந்து கீழாக மோந்துகொண்டே வருவார். மேல்படை மழை மண் வாசம், நடுவில் பழைய துணி வாசம், கறுப்புக்கு வந்தால் கூழ் முட்டை. அந்த இடத்தில் அவர் முகம் மலர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் படைபடையாகக் குடியிருக்கின்றன என்று அவர் கையால் மாடி வீடு வரைந்து காட்டினார். மேல் மாடிக்காரர்களுக்குக் காற்று வேண்டும். கீழ் மாடிக்காரர்களுக்குக் காற்று பட்டாலே ஆகாது. மேலே இருப்பவன் சாப்பிட்டுப் போட்ட எச்சில்தான் கீழே இருப்பவனுக்குச் சோறு. குளத்தில் அளவாகச் சாப்பாடு விழுந்தால் எல்லோரும் சண்டையில்லாமல் இருப்பார்கள். மேலிருந்து யாராவது மூட்டை மூட்டையாகக் கொட்டினால் மேல் மாடிக்காரன் தின்று தின்று பெருகி, தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் ராத்திரியே உறிஞ்சித் தீர்த்துவிடுவான். மீன் மூச்சு முட்டிச் சாகும். கீழ் மாடிக்காரனும் கொழுத்துப்போய் அந்த முட்டை நாற்றத்தை விடுவான். அதுவும் மீனுக்கு விஷம்.

"அப்ப மூட்டை மூட்டையா கொட்டறது யாரு?" என்றேன்.

ஹயாமா சான் வடகரையைக் கண்ணால் மட்டும் காட்டினார். அங்கே மரவள்ளி மாவு ஆலை. கிழங்கைக் கழுவி அரைத்து வடிக்கிற வெள்ளைத் தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியாகக் குளத்தில்தான் விழுகிறது. பன்றிக் கொட்டகையும் கக்கூசும் அதே கரையில்தான் ரொம்ப காலமாக இருந்தன, அப்போதெல்லாம் விரால் துள்ளிக்கொண்டிருந்த குளம் அது. ஆலை வந்த பிறகுதான் இப்படி. ஆலையை யார் திறந்தது? மேஜர். ரிப்பன் வெட்டினது மேஜர். மாவு நன்றாக வருகிறது என்று மேலிடத்தில் பேர் வாங்கினதும் மேஜர்.

"போச்சுடா. காரணத்த சொல்லாட்டி சயாமு, சொன்னா தலையே போயிரும்," என்றான் மருதமுத்து.

ஹயாமா சான் ஒரு வழி யோசித்தார். வாயால் சொல்லாமல் கண்ணுக்குக் காட்டிவிடுவது. இரண்டு பெரிய கண்ணாடிப் புட்டி எடுத்தார். ஒன்றில் ஆலை வாய்க்கால் பக்கத்துச் சேறு, மற்றதில் தென்கரைச் சேறு. முதல் புட்டியில் ஆலைத் தண்ணீரைச் சேர்த்தார். இரண்டிலும் கிழித்த காகிதம், வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி. பிறகு என்னிடம் திரும்பி, "முட்டை," என்றார்.

முட்டை! முட்டையின் உருவமே எனக்கு மறந்துபோயிருந்தது. காஜா பெராங் முழுக்க அலைந்து, என் நல்ல வேட்டியைக் கொடுத்து ஒரு முட்டை வாங்கி வந்தேன். மனுஷன் அதை உடைத்து, மஞ்சள் கருவை இரண்டாகப் பிரித்து, சேற்றுப் புட்டிக்குள் விட்டார். விட்டார்! என் கண்ணெதிரே! நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கீழ் மாடிக்காரர்களுக்கு அது பிடிக்குமாம். எனக்குக்கூடத்தான் பிடிக்கும்.

இதையெல்லாம் சமையற்கட்டு வாசலில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மீனாச்சி அக்கா, பங்களாவின் சமையல்காரி. காஜா பெராங்கில் செட்டிக் கம்பம் என்ற கிராமத்துக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற பழைய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். நம்ம சாமியைக்கூட மலாயில்தான் திட்டுவார். 'தம்பி' போன்ற நாலைந்து வார்த்தை தவிர அவருக்குத் தமிழ் வராது. அவர் சொன்னதையெல்லாம் நான்தான் தமிழில் எழுதுகிறேன்.

"அலாமாக்! தம்பி, முட்டையை எதுல போடறாரு உங்க துவான்?" அவர் வாயில் எந்த அதிகாரியும் துவான்தான்.

ஆபீஸ் வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள் என்பது சட்டம். "துவான் சொந்தமா ஒண்ணு செய்யறாரு அக்கா. கேக்காதீங்க," என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அக்கா கேட்கவில்லை. தானாகவே தெரிந்துகொண்டார். நீங்களே யோசித்துப் பாருங்கள். வாளியில் சாம்பலும் கறுப்புமாக ஈரமாக நெளிகிறது. உஜோங் பாசிர் கடற்கரையில் இறாலை இடித்துப் பிளாச்சான் விழுது செய்கிற வீட்டில் இதே நிறம்தான், இதே குழைவுதான். அதில் கஞ்சி மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஊற்றுகிறார். உப்பு மாதிரி வெள்ளைப் பொடி போடுகிறார். புட்டியில் அடைத்துத் தக்கையை இறுக்கி, வெயில் படுகிற ஜன்னலில் வரிசையாக வைக்கிறார். மலாக்காவில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? துவான் சிஞ்சாலோக் போடுகிறார். பொடி இறாலை உப்பும் சோறும் சேர்த்துப் புட்டியில் ஊறப்போட்டு, நுரைத்து இளஞ்சிவப்பாகும்போது எடுத்துச் சாப்பிடுவார்களே, அது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த முட்டை. அந்தப் பஞ்சத்தில் திங்காத பண்டத்தில் எவனாவது முட்டையைப் போடுவானா?

சில வாரத்தில் புட்டி இன்னும் மோசம் செய்தது. தென்கரைப் புட்டி சும்மா பழுப்பாகக் கிடந்தது. ஆலைப் புட்டியில் அடியில் கறுப்பு, அதற்கு மேலே அழகான ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை, அதன்மேல் பச்சை. வெயிலையும் நாற்றத்தையும் தின்று வாழ்கிற ஒரு ஜாதி அந்த ரோஸ் நிறம் என்று ஹயாமா சான் புட்டியைக் கட்டிக்கொண்டு ஆனந்தப்பட்டார். சிஞ்சாலோக் பதமானால் வருகிற நிறமும் அதேதான்.

மேஜர் வந்தார். கழுத்தே இல்லாத கனத்த ஆள். சாப்பாடு முதலில், புட்டிகளைக் காட்டுவது அப்புறம் என்று ஏற்பாடு. மீனாச்சி அக்காவிடம் இருந்தது வேகவைத்த கிழங்கும் கருவாடும்தான். மேஜருக்கு வெறும் கிழங்கா என்று அவருக்கு மானம் போயிற்று. சமையல் சரியில்லை என்று ஒரு சமையல்காரியின் பல்லை உடைத்த ஆள் அவர் என்று ஊரே பேசும். அக்கா ஜன்னலைப் பார்த்தார். பதமாகிவிட்டிருந்தது. பங்களாக்காரர் விட்டுப்போன பீங்கான் தட்டையும் வெள்ளிக் கரண்டிகளையும் எடுத்துத் துடைத்தார்.

நான் தண்ணீர்க் கூஜாவோடு மேஜைக்குப் பின்னால் நின்றேன். தட்டு வந்தது. சின்ன வெங்காயம் மெல்லிசாக அரிந்து, ஊசிமிளகாய் கிள்ளிப் போட்டு, ஓரத்தில் கஸ்தூரி எலுமிச்சை இரண்டாக வெட்டி வைத்து. நடுவில் ரோஸும் சாம்பலுமாக ஒரு குழம்பு. எனக்கு முதலில் நாக்கில் எச்சில்தான் ஊறியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன். ஒரு புட்டியைக் காணோம்.

ஹயாமா சானும் அதே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் தென்கரைச் சேறு மாதிரி பழுப்பாகிப் போனது.

"சிஞ்சாலோக், துவான்," என்று அக்கா மேஜரிடம் பெருமையாகச் சொன்னார். "முதல்ல எலுமிச்சையைப் பிழிஞ்சுக்கணும்."

மேஜர் எதையும் தன் கையால் செய்கிற ஆள். எலுமிச்சையை எடுத்து ஒரே பிழி. சேற்றில் புளிப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று தெரிந்தது. தட்டு சீறியது. சூளைக் குளத்தின் அடியில் காலகாலமாக அடைந்து கிடந்த நாற்றமெல்லாம் திறந்துவிட்ட மாதிரி ஒரே வீச்சில் மேலே கிளம்பியது. வாசலில் நின்ற காவல்காரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்தான். மேஜர் தட்டில் விட்ட வெள்ளிக் கரண்டியை வெளியே எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி மஞ்சளாகி, பழுப்பாகி, கரியாகக் கறுத்தது.

வெள்ளி கறுத்தால் விஷம். அது எல்லா ஊரிலும் தெரிந்த சமாச்சாரம். மேஜரின் கை வாளுக்குப் போய்விட்டது.

ஹயாமா சான் எழுந்து மேஜையில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து ஏதோ சொன்னார். விஷமில்லை என்றிருப்பார். மேஜர் தட்டைக் காட்டி உறுமினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விஷமில்லை என்றால் தின்று காட்டு.

ஹயாமா சான் ஒரு கரண்டி எடுத்து, குளத்தைக் கும்பிடுகிற மாதிரியே தட்டைக் கும்பிட்டுவிட்டு விழுங்கினார். முகத்தில் ஒரு சலனமில்லை, காது மட்டும் சிவந்தது. அடுத்து நான். நியாயமாகச் சொல்கிறேன், வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் அருமையாகத்தான் இருந்தன. நடுவில் இருந்ததுதான் தகராறு. பல்லில் நறநறவென்றது, தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது, கண்ணில் நீர் கொட்டியது. என் வேட்டி விலை முட்டை ஒருவழியாக என் வயிற்றுக்கே வந்து சேர்ந்தது.

பிறகு மீனாச்சி அக்கா. கரண்டியை வாயில் விட்டார். நாக்கைச் சுழற்றினார். கூரையைப் பார்த்து யோசித்தார். பக்கத்தில் வாள் பாதி உருவி நிற்கிறது, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கூராங் காராம்," என்றார். உப்புப் பற்றாதாம்.

அவள் என்ன சொன்னாள் என்று மேஜர் கேட்க, ஹயாமா சான் மொழிபெயர்த்தார். பிறகு மேஜரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! வாளை உள்ளே தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஹயாமா சானுக்குச் சமயம் தெரிந்தது. ஆலை என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. நல்ல வெள்ளிக் கரண்டிகளையும் மிச்ச எலுமிச்சையையும் மேஜர் கையில் கொடுத்துக் குளத்துக்கு அழைத்துப்போனார். தென்கரையில் மேஜரே குனிந்து சேற்றை அள்ளி எலுமிச்சை பிழிந்து கரண்டியை விட்டார். கரண்டி பளபளவென்று அப்படியே இருந்தது. கரையோரமாக நடந்து நடந்து ஒவ்வொரு இடமாகச் செய்துகொண்டே போனார். ஆலைக்குக் கிட்டே போகப் போகக் கறுப்பு ஏறியது. வாய்க்கால் வாயில் விட்ட கரண்டி விட்ட கையோடு கரியானது. மேஜர் கரண்டியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், தன் ஆலையைப் பார்த்தார். ஹயாமா சான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆலைத் தண்ணீரைக் குளத்தில் விடாதே. கிழங்குத் தோட்டத்துக்குத் திருப்பு," என்று மேஜரே உத்தரவு போட்டார்.

நான் சந்தோஷத்தில் மருதமுத்துவைக் கட்டிப்பிடித்தேன். தெப்பத்தோடு கரையில் காத்திருந்தவனுக்குப் பங்களாவில் நடந்ததெல்லாம் அப்போதுதான் தெரியும். சொல்லச் சொல்லத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பங்களாவுக்குத் திரும்பி நான் மேஜையை ஒழிக்கும்போதும் விடவில்லை. சமையற்கட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "தொரே, எனக்கு ஒரு வாய் வைக்கலையா? எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?" என்றான். எனக்கு எரிச்சல். தட்டில் கிடந்ததைச் சாக்கடையில் வழித்துக் கொட்டினேன்.

மேஜர் காரில் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு உத்தரவும் போட்டார். குளத்தின் வியாதி தெரிந்துவிட்டது, வைத்தியமும் தெரிந்துவிட்டது. இனிமேல் சேறு பார்க்க ஆள் எதற்கு? லேபை மூடு. கூலிகளை அனுப்பு.

பாருங்கள் கதையை! காரணம் சொல்லாவிட்டால்தானே சயாம் என்றார்கள்? சொன்னதற்கும் சயாம். ஹயாமா சான் காருக்குப் பின்னாலேயே ஓடினார், வாள் தடுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடிப் பேசினார். கார் கண்ணாடி வழியாக ஒரு கை வெளியே வந்து அவரைப் பளாரென்று அறைந்தது. திரும்பி வந்தவர் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் குளத்துக்குப் போடுகிற கும்பிடைப் போட்டார்.

அன்று சாயங்காலமே என் வயிற்றில் கீழ் மாடிக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். அதை விவரிக்க மாட்டேன், வீட்டில் பெண்களும் படிப்பார்கள். ஹயாமா சான் பங்களாவின் ஒரு கக்கூசில், நான் இன்னொன்றில். நடுவில் இருந்த பலகைச் சுவர் வழியாக அவர், "பெருமாரு-சான், என்ன வாசம்?" என்று ஈனக் குரலில் கேட்டார். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் சிரித்தோம். மீனாச்சி அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மலாக்கா வயிறு அது. எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உப்பு போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது," என்று திட்டிவிட்டுப் போனார்.

லோரி வந்தது. என்னை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் செமாபோக் பக்கம் ஒரு திடலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து ஆட்கள் சாரிசாரியாக நின்றார்கள். ஒரு ஜப்பான் டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. நான் அவர் முன்னால் நின்றேன், அவ்வளவுதான், வேட்டியிலேயே ஆகிவிட்டது. டாக்டர் பின்னால் தாவினார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, "பூலாங்! பூலாங்!" என்று கத்தினார். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். லோரி முழுக்கப் பேதி பரவிவிட்டால் பாதை போட யார் மிஞ்சுவார்கள்? என்னைத் திடலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் தள்ளிவிட்டார்கள்.

மருதமுத்து நல்ல திடகாத்திரம். அவனைப் பார்த்த உடனே ஏற்றிக்கொண்டார்கள். லோரி என்னைத் தாண்டிப் போகும்போது பின்பலகை மேல் தலையை நீட்டினான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய் தொரே! நல்லா தின்னுடா! உப்பு போட்டுத் தின்னு!"

லோரியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் அவனைப் பார்த்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் திரும்பி வரவில்லை.

குளத்தில் மீன் பிழைத்தது. ஹயாமா சானைக் கொஞ்ச நாளில் வேறெங்கோ மாற்றினார்கள், எங்கே என்று தெரியாது. யுத்தம் முடிந்து பங்களாக்காரர் வந்து கரண்டிகளையெல்லாம் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றிலும் மோசமாகக் கறுத்துப்போன ஒன்றை மட்டும், "இந்தக் கருமத்த நீயே வச்சுக்க," என்று தூக்கிப் போட்டார். பழைய இலாகாவில் திரும்பச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் மலாக்காவில் உள்ள குளம் ஒன்று விடாமல் எலுமிச்சை பிழிந்தேன். அதற்காகத்தான் அந்த எலுமிச்சம்பழம், சுரேஷ். ஊறுகாய்க்கு இல்லை. மீனாச்சி அக்கா கண்ணை மூடும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் கம்பத்துக்குப் போவேன். ஒரு புட்டி சிஞ்சாலோக் கொடுப்பார். அது சேறு என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் கடைசிவரை அவர் நம்பவில்லை. செய்யத் தெரியாத ஆள் செய்து கெடுத்துவிட்டாராம்.

நீங்கள் குளக்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள். நான் நன்றாக இழுத்து மோந்துகொள்வேன். எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும். என்னை அந்த லோரியில் ஏறவிடாமல் காப்பாற்றியது நான் தின்ற அந்தச் சேறுதான், வேறு எந்தச் சாமியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கரண்டி கறுக்கும்போதும் வாசலில் நின்று அவன் கேட்டது காதில் விழுகிறது. எனக்கு ஒரு வாய் வைக்கலையா என்று கேட்டானே. தட்டில் அப்போது இன்னும் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது.